பாதியில் நிறுத்தினால் தோல்வி இல்லை: வானொலிக் குரல் தேர்வுக்குத் தயாராகும் வாசகிக்கு

கேள்வி: என் ஊர் பாம்பன். வயது 24. ராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடம் வாய்ப்பாட்டு படித்தேன். 5½ கட்டைச் சுருதியில் பாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசையில் கீபோர்டோடு பாடகர் குழுவிலும் பாடுவேன். போன முறை மதுரை வானொலியில் குரல் தேர்வுக்குப் போனேன். தோடி ராகத்தில் ஆலாபனை (சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பது) ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நிறுத்தச் சொல்லி மோகன ராகத்தில் கற்பனை ஸ்வரம் (தாளத்துக்குள் அப்போதே கட்டிப் பாடும் ஸ்வரம்) கேட்டார்கள். தாளம் தடுமாறிவிட்டது. தேறவில்லை, காரணமும் தெரியவில்லை. அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் எப்படித் தயாராவது? எத்தனை உருப்படி (பாட்டு) வேண்டும்? எங்கள் பக்கம் பக்கவாத்தியம் கிடைப்பது கஷ்டம். வீட்டில் கருவாடு காயப்போடும் வேலை. கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் தொண்டை கட்டிக்கொள்கிறது.

பதில்: தோடியைப் பாதியில் நிறுத்தியதுதான் உங்கள் மனதில் முள்ளாக நிற்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதை முதலில் பிடுங்கிப் போடுங்கள். குரல் தேர்வில் யாரையும் முழுசாகப் பாட விடுவதில்லை. முதலில் பாடும் வர்ணத்தின் முதல் இரண்டு ஆவர்த்தனத்தில் (தாளத்தின் முழுச் சுற்றில்) சுருதி தெரிந்துவிடும். அனுபல்லவிக்கு வருவதற்குள் காலப்பிரமாணம் (வேகம் மாறாமல் நிற்கிறதா என்பது) தெரிந்துவிடும். ஆலாபனையில் நாலைந்து பிடியிலேயே ராக ஞானம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தெரிந்ததும் அடுத்ததைக் கேட்பார்கள். நன்றாகப் பாடுகிறவரையும் நிறுத்துவார்கள், சுமாராகப் பாடுகிறவரையும் நிறுத்துவார்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், சறுக்கியது நிறுத்திய இடத்தில் அல்ல, அதற்கு அடுத்த நிமிடத்தில். தோடியிலேயே மனம் நின்றுவிட்டது, கை மட்டும் மோகனத்துக்குத் தாளம் போட்டிருக்கிறது.

கச்சேரியில் எதைப் பாடுவது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், தேர்வில் அவர்கள் முடிவு செய்கிறார்கள். வர்ணத்தில் ஆரம்பித்துத் துக்கடா என்னும் சின்னப் பாட்டுகளில் முடியும் இன்றைய கச்சேரி முறைக்கு உருவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவருடைய குரு உங்கள் மாவட்டத்தின் பெயரையே முன்னால் வைத்துக்கொண்ட ராமநாதபுரம் ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார். அந்த முறையில் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பதத்துக்கு வர நேரம் இருக்கிறது. பாடுகிறவருக்கு அது பெரிய தயவு. தேர்வில் அந்தத் தயவு கிடையாது. ஐந்தாவது நிமிடத்தில் பெரிய ராகம், ஏழாவது நிமிடத்தில் மிச்ர சாபு தாளத்தில் பாட்டு, அடுத்து ஸ்வரம் என்று தாவச் சொல்வார்கள். ஆகவே மூன்று மாதமும் உங்களுக்கு ஒரே வேலைதான்: எதைக் கேட்டாலும், எந்த இடத்தில் கேட்டாலும் நிலை குலையாமல் நிற்கப் பழகுவது. புதுக் கீர்த்தனை பாடம் பண்ண இது நேரமில்லை.

எத்தனை உருப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பத்தோடு கொடுக்கும் பட்டியலில் எத்தனை கேட்கிறார்கள், வயது வரம்பு என்ன, கட்டணம் என்ன, பக்கவாத்தியம் நிலையமே தருமா என்பதையெல்லாம் அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர் சொன்னதை நம்பி எழுதாதீர்கள். கேட்ட எண்ணிக்கையை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் தயாரிப்பை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆலாபனை, நிரவல் (ஒரே வரியைப் பல விதமாக விரிப்பது), ஸ்வரம் மூன்றோடும் பாட மூன்று பெரிய ராகம். சின்ன ஆலாபனையும் நாலு ஆவர்த்தனம் ஸ்வரமும் பாட ஐந்து அல்லது ஆறு ராகம். மற்றவை கீர்த்தனையாக மட்டும். வர்ணம் மூன்று போதும். இரண்டு ஆதி தாளம், ஒன்று அட தாளம். பட்டியலில் ரூபகம், மிச்ர சாபு, கண்ட சாபு எல்லாம் இருக்கட்டும். சாகித்தியத்தில் தெலுங்கு, சமஸ்கிருதத்தோடு தமிழும் வேண்டும். பட்டியலில் எழுதியது எல்லாமே கேள்விக்கு உரியது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கனமாகத் தெரியட்டும் என்று ஒரு ராகத்தை எழுதிவைத்தால் சரியாக அதைத்தான் கேட்பார்கள்.

அதனால் தோடியைப் பெரிய ராகமாக எழுதுவதை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். தோடியின் காந்தாரம் (க) நின்றால் கெட்டுவிடும், ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவில் அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். வாரா வாரம் கீபோர்டோடு பாடுகிற குரலில் அந்த அசைவு தளர்ந்துபோவது இயல்பு. மூன்று மாதத்தில் அதைச் சரிசெய்யலாம், ஆனால் மற்ற எல்லாவற்றுக்குமான நேரத்தை அதுவே தின்றுவிடும். கல்யாணி, காம்போஜி, கரகரப்பிரியா என்று வைத்துக்கொள்ளலாம். காம்போஜியில் ஒரு கண்ணி இருக்கிறது: ஆரோகணத்தில் (ஏறும்போது) நிஷாதம் (நி) கிடையாது. வேகமாக மேலே போகும்போது ‘ப த நி ஸ’ என்று வாய் வழுக்கினால் அந்த நொடியே அது அரிகாம்போஜி. ‘ப த ஸ’ என்று நேராக ஏறுவதைத் தினமும் இருபது முறை அகாரத்தில் (‘ஆ’ என்று) பாடிப் பழக்குங்கள். அதுபோல ஆரபியையும் தேவகாந்தாரியையும் ஒரே பட்டியலில் எழுதாதீர்கள். தர்பாரும் நாயகியும் அப்படித்தான். ஒன்றைப் பாடி முடித்ததும் மற்றதைக் கேட்பது தேர்வாளர்களுக்குப் பிடித்த விளையாட்டு. வித்தியாசத்தை வாயால் சொல்லத் தெரிந்தால் போதாது, பாடிக் காட்ட வேண்டும்.

சுருதிதான் பெரிய விஷயம். குரல் தேர்வில் தேறாதவர்களில் பலர் இதிலேயே விழுகிறார்கள், அது அவர்கள் காதுக்குத் தெரிவதும் இல்லை. உங்கள் கடிதத்தில் பாடகர் குழுவைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. கீபோர்டில் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து (ஸ) 400 சென்ட் தூரத்தில் இருக்கிறது (அடுத்தடுத்த இரண்டு சாவிகளின் இடைவெளி 100 சென்ட்). தம்புராவில் மந்தர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜத் தந்தியை மீட்டும்போது தானாக எழும் காந்தாரம் 386 சென்ட் அளவில் இருக்கும். வித்தியாசம் 14 சென்ட்தான். ஆனால் கல்யாணியிலோ சங்கராபரணத்திலோ காந்தாரத்தில் நீண்ட கார்வை கொடுக்கும்போது அந்தப் 14 சென்ட் தம்புராவோடு உரசும். கேட்கிறவருக்குக் ‘கொஞ்சம் தூக்கலா இருக்கே’ என்று படும், எங்கே என்று சொல்லத் தெரியாது. குழுவில் பாடுவதை நிறுத்தத் தேவையில்லை. ஞாயிறு மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் மெல்லிய குரலில் கார்வை கொடுத்துப் பாடுங்கள். காந்தாரத்தை ஒரு மயிரிழை கீழே கொண்டுவந்து பாருங்கள். சேர்ந்த இடத்தில் உரசல் நின்று, தம்புராவுக்குள் குரல் கரைந்த மாதிரி இருக்கும்.

உங்கள் சுருதி எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஸட்ஜத்தைத் தம்புராவில் ஒரு முறை வாங்கிக்கொண்டு தம்புராவை நிறுத்துங்கள். போனில் பதிவு போட்டுவிட்டு மூன்று நிமிடம் ஆலாபனை பாடி ஸட்ஜத்தில் முடியுங்கள். இப்போது பதிவின் கடைசி ஸட்ஜத்தைத் தம்புராவோடு சேர்த்துக் கேளுங்கள். மேலே போயிருந்தால் தார (மேல்) ஸ்தாயியில் அழுத்திப் பாடுகிறீர்கள் என்று அர்த்தம். கீழே இறங்கியிருந்தால் நீண்ட சங்கதிகளின் கடைசியில் மூச்சுப் போதவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதுக்கு, தார ஸட்ஜத்துக்கு மேலே போகும் எல்லாவற்றையும் பாதிச் சத்தத்தில் இரண்டு வாரம் பாடுங்கள். இரண்டாவதுக்கு, மூச்சு எடுக்கும் இடங்களைச் சாகித்தியத்தில் பென்சிலால் குறித்து ஒன்றிரண்டைக் கூட்டுங்கள். வாரம் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்து தேதி போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வைத்திருந்தால், அதன் நுண் சரிசெய்யும் குமிழ் கைபட்டு நகர்ந்திருக்கலாம். ட்யூனர் செயலியில் பார்த்து 5½ கட்டையை, அதாவது ஜி ஷார்ப்பை, ஐந்து சென்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு சுருதியில் பழகி அங்கே போய் வயலின்காரர் சரியான 5½ சேர்க்கும்போது தொண்டைக்கு அது புது ஊராகத் தெரியும். போனில் தம்புரா செயலி வைத்துப் பாடுகிறவர்கள் விமானப் பயன்முறையில் போட மறக்க வேண்டாம். நடுவில் அழைப்பு வந்தால் தம்புரா நின்றுவிடும். சுருதி சரியானதா என்ற கேள்வியும் இருக்கிறது. மந்தர பஞ்சமம் காற்றில்லாமல் கேட்கிறதா, தார மத்தியமம் கத்தாமல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் வந்தால் 5½ உங்களுடையது. தார மத்தியமத்துக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது என்றால் 5 கட்டைக்கு இறங்குங்கள். கட்டை கூடினால் மதிப்பெண் கூடாது.

லயத்தைப் பார்ப்போம். ஆதி தாள வர்ணத்தை நிமிடத்துக்கு 60 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்ற காலத்தில் ஆரம்பித்தால் ஓர் ஆவர்த்தனம் 8 நொடி. ஸ்டாப்வாட்ச் வைத்து முதல் ஆவர்த்தனத்தை அளந்துகொள்ளுங்கள். முதல் காலம் பாடி, இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) பாடி, திரும்ப முதல் காலத்துக்கு வந்து ஓர் ஆவர்த்தனம் பாடி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். தம்பியோ தங்கையோ போனைப் பிடித்தால் போதும். 7 நொடிக்கு வந்திருந்தால் ஓடுகிறீர்கள். பெரும்பாலும் ஓட்டம் ஆரம்பிக்கும் இடம் சரணத்தின் எத்துக்கடை ஸ்வரங்களில் கார்வை வரும் இடம். கார்வையில் ஒன்றும் பாடாமல் இருக்க மனம் பொறுக்காது, கை முந்திவிடும். கார்வையைத் தாண்டும்போது உள்ளுக்குள் ‘தகதிமி’ சொல்லிப் பழகினால் நிற்கும். தாளம் போடும் செயலிகளை வர்ணம் முழுக்க ஓடவிடாதீர்கள், அது உங்களுக்கு ஊன்றுகோலாகிவிடும். முதல் இரண்டு ஆவர்த்தனத்துக்கு வைத்துக்கொண்டு சத்தத்தை அணைத்துவிடுங்கள். பத்து ஆவர்த்தனம் கழித்துத் திரும்பத் திறந்து, சமம் (தாளத்தின் முதல் தட்டு) சேர்கிறதா பாருங்கள்.

மோகனத்தில் தடுமாறிய கதைக்கு வருவோம். கற்பனை ஸ்வரத்தில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்வரத்தில் தடுமாறுவதில்லை. முடிப்பை (ஸ்வரத்தை முடித்துப் பாட்டுக்குத் திரும்பும் கணக்கை) எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். உருப்படிக்கு ஒன்று என்று முடிப்பை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு கணக்கு சொல்கிறேன். ஆதி தாளம், ஒரு களை, அட்சரத்துக்கு நாலு ஸ்வரம். ஆவர்த்தனத்துக்கு 32. ஐந்து ஸ்வரம் கொண்ட ஒரு கோப்பை மூன்று முறை பாடி, நடுவில் இரண்டிரண்டு ஸ்வர நேரம் கார்வை (இடைவெளி) விட்டால் 5, 2, 5, 2, 5 என்று மொத்தம் 19. எடுப்பு (பாட்டு வரி ஆரம்பிக்கும் இடம்) சமத்தில் என்றால் 32-இல் 19 போக 13. ஆக 13 கழிந்து 14-ஆவதில் பிடிக்க வேண்டும். கையில் பார்த்தால், லகுவில் (ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் உள்ள பகுதியில்) நடுவிரல் தொடும் அட்சரத்தின் இரண்டாவது ஸ்வரம். எடுப்பு சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி என்றால் ஆறைக் கூட்டுங்கள். 19 கழிந்து 20-ஆவதில், அதாவது முதல் திருதத்தின் (தட்டும் வீச்சும் உள்ள பகுதியின்) தட்டு விழும் அட்சரத்தில் நாலாவது ஸ்வரத்தில் ஆரம்பம். இதை ஸ்வரமாகப் பாடுவதற்கு முன் ‘ததிகிணதொம்’ என்று வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்டு ஐம்பது தடவை செய்யுங்கள். நடுவிரல் தொட்டதும் நாக்கு தானாக எழும் வரைக்கும் ராகத்தைத் தொட வேண்டாம்.

முடிப்பின் கடைசி ஸ்வரம் எடுப்பு ஸ்வரத்துக்குப் பக்கத்து ஸ்வரமாக இருந்தால் வந்து விழுவது இயல்பாக இருக்கும். மோகனத்தில் எடுப்பு காந்தாரத்தில் என்றால் ரிஷபத்திலோ பஞ்சமத்திலோ முடிக்கலாம். தேர்வில் பெரிய கோர்வையெல்லாம் பண்ணிக் காட்ட வேண்டாம். முதல் காலத்தில் நாலு சுற்று, இரண்டாம் காலத்தில் நாலு சுற்று, சுத்தமாக ஒரு முடிப்பு போதும். தப்பித்தவறி தாளம் தப்பினால் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்காதீர்கள். ஸ்வரத்தை விட்டுப் பல்லவி வரியை எடுப்பில் பிடித்து, ஓர் ஆவர்த்தனம் பாடி, கையை நிலைப்படுத்தி, திரும்ப ஸ்வரத்துக்குப் போங்கள். தப்பியதைவிட, தப்பிய பிறகு எப்படிச் சேர்ந்தார் என்பதைத்தான் தேர்வுக் குழு கவனிக்கும்.

ஆலாபனைக்கு ஒவ்வொரு பெரிய ராகத்திலும் மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். மந்தர ஸட்ஜத்திலிருந்து படிப்படியாக ஏணி ஏறுவது பாடத்தில் சரி, இங்கே சரிவராது. முதல் பத்து நொடிக்குள் ராகத்தின் பெயர் கேட்கிறவர் வாயில் வந்துவிட வேண்டும். நீளமான பிருகாவை (வேகமான ஸ்வர ஓட்டத்தை) முதல் நிமிடத்தில் தொடாதீர்கள், குரல் இன்னும் பதத்துக்கு வந்திருக்காது. நிரவலை இதே அளவில் வைத்துக்கொண்டால் போதும். அதில் சாகித்தியத்தின் சொற்கள் உடையாமல், ஒவ்வொரு தடவையும் அதே எழுத்து அதே இடத்தில் விழுகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

உச்சரிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் மைக் எடுத்துக்கொள்கிறது. தமிழ் உருப்படிகளில் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தெலுங்கு, சமஸ்கிருதச் சொற்களுக்குத் தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டில் க-வுக்கு எந்த ஒலி, ப-வுக்கு எந்த ஒலி என்பது வராது. உங்கள் ஆசிரியரிடம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தின் மேலும் எண் போட்டுக்கொள்ளுங்கள். பொருள் தெரியாத சொல்லை நடுவில் வெட்டி மூச்சு எடுப்பது பெரிய குற்றமாகப் படும். வரிக்கு வரி பொருளைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால் அது தானாக நின்றுவிடும்.

தாவிப் பழகுவதற்கான வழி இது. பட்டியலில் உள்ள எல்லா உருப்படியையும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். வேறொரு டப்பாவில் ‘ஆலாபனை மட்டும்’, ‘சரணத்தில் நிரவல்’, ‘இரண்டாம் கால ஸ்வரம்’, ‘அனுபல்லவியிலிருந்து’ போன்ற கட்டளைகள். வீட்டில் யாரையாவது ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் பத்து நொடிக்குள் ஆரம்பிக்க வேண்டும். அவர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் தட்டி நிறுத்திவிட்டு அடுத்த சீட்டை எடுப்பார்கள். பாட்டுத் தெரியாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, அழகான இடம் எது என்று பார்த்து நிறுத்த மாட்டார்கள். கடைசி ஐந்து வாரம் வாரத்துக்கு மூன்று நாள் இது நடந்தால் போன முறை நடந்தது நடக்காது.

பக்கவாத்தியம் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் தினமும் வேண்டியதில்லை. நீங்கள் படித்த இசைப்பள்ளியிலேயே மிருதங்கமும் வயலினும் படிக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் பாட்டோடு வாசித்துப் பழக ஆள் வேண்டும். கடைசி ஐந்து வாரத்தில் நாலு சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள். ஒரே ஆளோடு நாலு தடவை பாடுவதைவிட வெவ்வேறு ஆட்களோடு பாடுவது உங்களுக்கு உபயோகம். வயலின்காரர் ஆலாபனையில் உங்கள் சங்கதியைத் தாங்கிப் பிடிக்கும்போது அவரைத் தொடர்ந்து போய்விடாமல் நிற்கப் பழக வேண்டும். மிருதங்கக்காரர் வேகமான சொற்களை அடுக்கி வாசிக்கும்போது உங்கள் தாளக் கை தடுமாறாமல் இருக்கப் பழக வேண்டும். மேடையில் ஆளைப் பார்க்கலாம், ஸ்டுடியோவில் சில சமயம் அதுவும் முடியாது.

ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வீடு சிமெண்டுச் சுவராக இருந்தால் பாடும்போது குரல் திரும்பி வந்து காதில் இனிக்கும். ஸ்டுடியோச் சுவர் ஒலியை விழுங்கிவிடும். பாடுகிறவருக்குத் தன் குரல் மெலிந்துவிட்ட மாதிரி தோன்றும், உடனே அழுத்துவார், அழுத்தினால் சுருதி மேலே ஏறும். அரிசிச் சாக்கும் மெத்தையும் துணி மூட்டையும் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாரம் இரண்டு நாள் பாடுங்கள். அந்தச் செத்த ஒலிக்குக் காது பழகட்டும். மைக்குக்கும் வாய்க்கும் ஒன்றரைச் சாண் தூரம் இருக்கட்டும். கமகத்தோடு தலையை ஆட்டுகிற பழக்கம் இருந்தால் சத்தம் கூடிக் குறையும். போனை அந்தத் தூரத்தில் நிறுத்திவைத்துப் பதிவு செய்தால் ஆட்டம் எங்கே என்று உங்களுக்கே கேட்கும். கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள். தொடையில் தட்டும் தாளம் மைக்கில் ‘டப் டப்’ என்று விழும், ஒரு சின்னத் துண்டை நாலாக மடித்துத் தொடையில் போட்டுக்கொண்டால் கேட்காது. சாகித்தியத் தாளை வைத்துக்கொள்ளவே வேண்டாம். குழு வேறு அறையிலிருந்து கேட்டால் அவர்கள் சொல்வது ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும், முகம் தெரியாது. பாராட்டுக்கோ தலையாட்டலுக்கோ காத்திருக்காமல் பாடிக்கொண்டே போங்கள்.

குரல். கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்குக் காற்றுக்கு மேலே பேசுகிற பழக்கம் ரத்தத்தில் இருக்கும். ஏல இடத்தில் அரை மணி நேரம் சத்தம் போட்டால் அன்றைய மாலைச் சாதகம் (பாட்டுப் பயிற்சி) போய்விடும். கருவாடு புரட்டும்போது மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், தொண்டையை அறுப்பது வாசனை அல்ல, உப்புத் தூளும் மணலும். கச்சான் வீசும் நாட்களில் சாதகத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள், ஜன்னல் அடைத்த அறையில். தண்ணீரைப் பாடுவதற்கு முன்பு மடக் மடக்கென்று குடிப்பதில் பலன் இல்லை. அது தொண்டைக்குப் போய்ச் சேர நேரமாகும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். காலையில் குரல் கரகரப்பதற்குப் பல பேருக்கு வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவதுதான் காரணம். மிளகு, சுக்கு, மெந்தால் மிட்டாய் எல்லாம் நாக்குக்கு விறுவிறுப்பாக இருக்கும், தொண்டையை உலர்த்திவிடும்.

குரல் கட்டிய நாளில் முழுச் சாதகம் வேண்டாம். அரைத் தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழம் விட்டு, குமிழி வரும்படி ‘ஊ’ என்று ஊதிக்கொண்டே ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஏறி இறங்குங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. இது குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைக் குறைக்கும். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு, மெதுவாகப் பேசுவதே மேல். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாலு வாரம் சுருதிச் சோதனை, வர்ணங்கள், முடிப்புக் கணக்கு. கீர்த்தனையைத் தொடவே வேண்டாம் என்று சொன்னாலும் தப்பில்லை. அடுத்த நாலு வாரம் மூன்று பெரிய ராகமும் மற்ற ராகங்களும். மிச்சம் சீட்டுப் பயிற்சியும் பக்கவாத்தியமும். கடைசி மூன்று வாரத்தில் புதிதாக ஒரு சங்கதிகூடப் பாடம் பண்ணாதீர்கள். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி போதும். வேலை இருக்கிற நாளில் காலையை மட்டும் விடாதீர்கள்.

முந்தின நாளே மதுரை போய்விடுங்கள். பாம்பன் பாலத்தில் காற்று வேகம் கூடினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், வாடைக் காலத்தில் இதை எதிர்பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். பஸ்ஸில் நாலு மணி நேரம் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு போய் நேராகப் பாட முடியாது. வரிசையில் உங்கள் முறை எப்போது வரும் என்பது தெரியாது, காலையிலேயே முழு வீச்சில் பாடித் தீர்த்துவிடாதீர்கள். ஸ்ட்ரா பயிற்சி, பத்து நிமிடம் மந்தர ஸ்தாயி, வர்ணத்தின் பல்லவி மட்டும். காத்திருக்கும் இடத்தில் மற்றவர்களோடு பேச்சுக் கொடுக்காமல் இருப்பது தொண்டைக்கும் மனதுக்கும் நல்லது; யார் என்ன பாடினார், யாரை எங்கே நிறுத்தினார்கள் என்ற கதை உள்ளே போகும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

தேறினால் புதியவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது பி கிரேடு, நன்றாகச் செய்தால் பி-ஹை. ஏ-வும் டாப்பும் பின்னால் வருவது. இந்த முறைக்கு அதை யோசிக்க வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. தேர்வு நாளிலேயே தொண்டை கட்டியிருந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் வாரம் ஒரு நாள் பட்டியலில் நாலைந்து உருப்படியை 5 கட்டையில் பாடிப் பழகச் சொல்கிறேன். அன்று காலை தார ஸட்ஜம் உடைந்து வந்தால் தயங்காமல் அரைக் கட்டை இறக்குங்கள். குழுவிடம் ‘ஜலதோஷம்’ என்று காரணம் சொல்லாதீர்கள், வரிசையில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் வயலின்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் ஸ்டுடியோவுக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே போய்ச் சுருதி சேர்த்த பிறகு சொன்னால் வயலின்காரர் நாலு தந்தியையும் மறுபடி இறக்க வேண்டும், மிருதங்கத்தையும் தட்டிச் சேர்க்க வேண்டும், உங்களுக்காக ஒதுக்கிய நேரத்தில்தான் அது போகும்.